மேசை மட்டத்தில் வானம்

நகரசபையின் இயற்கை ஒளி மற்றும் காற்றோட்டப் பிரிவு, தரைக்குக் கீழே ஒரு தளத்தில் இயங்கிவந்தது. படியிறங்கி, உடைந்த நாற்காலிகள் குவிந்த நடைவழியைத் தாண்டி, குழாய் சொட்டுகிற இடத்தில் இடதுபக்கம் திரும்பினால் அந்தப் பெயர்ப்பலகை தெரியும். தெரியும் என்பது மரியாதைக்குச் சொல்வது. கையால் தடவிப் படித்தவர்களும் உண்டு. உள்ளே ஜன்னல் கிடையாது. நான்கு டியூப்லைட்டுகள் மட்டும். அவற்றில் ஒன்று எரிவதா வேண்டாமா என்று பல வருடங்களாக யோசித்துக்கொண்டிருந்தது.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. மனிதர்கள் புழங்கும் அறைக்குத்தான் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு ஜன்னல் வேண்டும் என்கிறது விதி. இந்த அறையோ வரைபடத்தில் 'பொருள் வைப்பறை' என்று பதிவாகியிருந்தது. ஆகவே சட்டத்தின் கண்ணில், அங்கே இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருந்த அதிகாரி ஒரு மனிதர் அல்ல, பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும் ஒரு பொருள்.

அந்தப் பொருளுக்கு மேல்மாடிக்காரர்கள் வைத்த பெயர் 'எண்பத்தஞ்சு'. எந்தக் கோப்பு வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எண்பத்தஞ்சுல பாத்தீங்களா?" என்பதுதான். விதிப்புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து அவர் பிடித்துக்கொண்ட எண் அது. அந்தப் பக்கத்தில் 'வாழ்தகு அறைகளில் விண்ணோக்கு எல்லைக் கோட்டை நிர்ணயித்தல்' என்றொரு பகுதி உண்டு. பெயரைக் கேட்டால் ராக்கெட் விடப்போகிறார்கள் என்று தோன்றும். விஷயம் இவ்வளவுதான்: ஓர் அறையில் ஜன்னலிலிருந்து உள்ளே போகப் போக, ஒரு கட்டத்தில் வானம் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அதற்கப்புறம் எதிர்க் கட்டடம் மட்டும்தான். வானம் மறைகிற அந்த இடத்தில் தரையில் ஒரு கோடு போட வேண்டும். ஜன்னலுக்கும் கோட்டுக்கும் நடுவில் இருப்பது வானம் தெரியும் இடம். எதிரே யார் எவ்வளவு உயரம் கட்டினாலும், இந்த இடம் அறையில் பாதிக்குக் குறையக் கூடாது. கண்ணை எங்கே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கும் விதி இருந்தது. மேசை மட்டத்தில், அதாவது தரையிலிருந்து எண்பத்தைந்து சென்டிமீட்டரில்.

இதை எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. மேசையில் குனிந்து வேலை செய்து பிழைத்தவராக இருக்க வேண்டும் என்று மட்டும் ஊகிக்கலாம்.

எண்பத்தஞ்சு இந்தக் கோட்டைக் காகிதத்தில் ஆயிரம் தடவையாவது போட்டிருப்பார். தரையில் ஒருமுறைகூடப் போட்டதில்லை. பிரிவுக்கு வண்டி ஒதுக்கவில்லை என்பது காரணம். வண்டி கேட்டு இவர் எழுதவில்லை என்பது காரணத்துக்குக் காரணம். கோப்பில் 'நேரில் பார்வையிட்டேன், அறிக்கை சரி' என்று எழுதக் கட்டம் இருந்தது. கட்டம் இருந்ததால் எழுதினார்.

அப்படி எழுதிய ஒரு கோப்பின் மேல்தான் அந்த மனு வந்து உட்கார்ந்தது.

'ஐயா, எதிரே கட்டும் கட்டடத்துக்காக என் வீட்டுக்கு நீங்கள் வந்து பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு நான் வீட்டில்தான் இருந்தேன். என் மாமனாரும் இருந்தார். அவர் பதினோரு வருடமாக வாசலைத் தாண்டியதில்லை. நீங்கள் வந்தது எங்கள் இருவருக்குமே தெரியாமல் போனதற்கு மன்னிக்கவும். இன்னொரு தடவை வரவும். இந்த முறை கதவைத் தட்டவும். நான் பல் கட்டும் தொழில் செய்கிறவள். எதிரே ஆறு மாடி வந்தால் என் மேசைக்கு வானம் தெரியாது. வானம் தெரியாவிட்டால் எனக்குப் பல்லின் நிறம் தெரியாது. நிறம் தெரியாவிட்டால் எனக்குத் தொழில் இல்லை.'

எண்பத்தஞ்சு மனுவை மூன்று தடவை படித்தார். பிறகு மேலதிகாரியிடம் எடுத்துப்போனார். மேலதிகாரி ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

"போயிட்டு வாங்களேன். நாலு மாடி ஏற்கெனவே நிக்குது. அஞ்சும் ஆறும் வெள்ளிக்கிழமை கூட்டத்துல பாஸாகப் போவுது. அந்தம்மாகிட்ட ஒரு டீ வாங்கிக் குடிச்சிட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிடுங்க."

"சார், வண்டி..."

"பஸ்ல போங்க. நமக்கு இயற்கைக் காத்துதானே பிரிவே."

*

விதிப்படி அளக்க ஒரு பலகை உண்டு. மூன்று காலில் நிற்கும், சரியாக எண்பத்தைந்து சென்டிமீட்டர் உயரமான முக்காலி. பிரிவு தொடங்கியபோது செய்தது. அதன் மேல் டீ டம்ளர் வைத்து வைத்து வட்டம் வட்டமாகக் கறை படிந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவர் டேப்பக்கா. அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிப்பது அவர் உத்தியோகம். அதுவும் தொடக்க முனையை. "சார் கையில ஆயிரம் நம்பர் இருக்கலாம். பூஜ்யம் என் கையிலதான்" என்று சொல்லிக்கொள்வார்.

"இத்தனை வருஷமா இது தலையில டீயை ஏத்தினீங்க. இன்னிக்காவது அதுக்கு வேலை குடுத்தீங்களே, புண்ணியவான்!" என்றார், பஸ்ஸில் முக்காலியை மடியில் வைத்துக்கொண்டு.

"சும்மா வாங்க. பத்து நிமிஷ வேலை."

"பத்து நிமிஷ வேலைக்கு ஏன் சார் உங்களுக்கு வேர்க்குது?"

வீட்டு வாசலில் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். கோட்டு, கழுத்துப்பட்டை, கையில் கணினி. எதிர்க் கட்டடக்காரர்கள் அமர்த்திய ஆலோசகர். அவர் நீட்டிய அட்டையில் 'முதுநிலைப் பகலொளி அனுபவ வல்லுநர்' என்று அச்சாகியிருந்தது. டேப்பக்கா அதை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பகல்ல வெளிச்சம் இருக்குன்னு கண்டுபிடிச்சவர் நீங்கதானா தம்பி?"

ஆலோசகர் சிரித்துவைத்தார். அவரது அறிக்கை நூற்று நாற்பது பக்கம். அதன் சாரம் ஒரே வரி: ஆறு மாடி முழுதாக எழும்பினாலும் இந்த வீட்டு அறையில் ஐம்பத்தொரு சதவீதத்துக்கு வானம் தெரியும். தேவை ஐம்பது. மிச்சம் இருந்த ஒரு சதவீதத்தை அவர், தானே பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததுபோலப் பேசினார்.

கதவைத் தட்டினார்கள். திறந்தவள் பல்லுக்காரம்மா. ஐம்பதை நெருங்கும் வயது, நெற்றியில் ஏற்றிவிட்ட பூதக்கண்ணாடி, விரல் நுனிகளில் இளஞ்சிவப்பு மெழுகு.

"மொத தடவை வந்தப்ப கவனிக்க முடியல, உள்ள வாங்க" என்றாள். எண்பத்தஞ்சு செருப்பைக் கழற்றுவதில் கவனமாக இருப்பவர்போல வெகுநேரம் குனிந்திருந்தார்.

பன்னிரண்டடி ஆழம் கொண்ட ஒற்றை அறை. வடக்கே அகலமான ஜன்னல். ஜன்னலை ஒட்டிக் கட்டிலில் மாமனார், தலையணையில் சாய்ந்து, ராஜா கொலுவிருப்பதுபோல. மருமகள் கட்டிக்கொடுத்த பல்செட்டு பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்தது. கட்டிலைத் தாண்டி, ஜன்னலிலிருந்து ஐந்தடி தள்ளி அவளது வேலை மேசை. அதன் மேல் சின்னச் சின்ன அரங்கள், சுடர்விளக்கு, பூச்சுக்குப்பிகள், பல்லில்லாத ஈறு வார்ப்புகள் ஒன்பது. எல்லாம் சேர்ந்து வந்தவர்களைப் பார்த்துப் பொக்கைவாய்ச் சிரிப்புச் சிரித்தன.

"வேலையை ஜன்னல்கிட்டயே வச்சுக்கலாமே மேடம்? கட்டிலையும் மேசையையும் இடம் மாத்திட்டா அனுபவம் இன்னும் நல்லா இருக்கும்" என்றார் ஆலோசகர்.

மாமனார் கிண்ணத்தில் கைவிட்டு, பல்செட்டை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டார். சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் மட்டும் அவர் அதை மாட்டுவது வழக்கம்.

"ஏம்ப்பா, ஆறு மாடி கட்டுறவன் ஒரு மாடியைக் குறைக்க மாட்டான், நான் கட்டிலை நகத்தணுமா? உன் கோட்டை இடம் மாத்தி உள்ள போட்டுக்கயேன், சட்டையை மேல போட்டுக்க."

"மாமா, சும்மா இருங்க."

"நான் சும்மாதானே இருக்கேன் பதினோரு வருஷமா."

மறுபடி கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டார்.

*

எண்பத்தஞ்சுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கோப்பு சம்பந்தப்பட்டதல்ல, நிஜமான சந்தேகம். "ஏம்மா, பல்லு வெள்ளைதானே? டியூப்லைட்டு போட்டாத் தெரியாதா?"

அவள் ஒரு பெட்டியைத் திறந்தாள். உள்ளே சீப்பில் கோத்ததுபோலப் பதினாறு மாதிரிப் பற்கள். எழுந்துபோய் டியூப்லைட்டைப் போட்டாள், ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

"எத்தனை நெறம் தெரியுது?"

அவர் பார்த்தார். "ஒண்ணு. இல்ல... ரெண்டு. அந்தக் கடைசியில இருக்கிறது கொஞ்சம் மங்கல்."

விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்தாள். பெட்டியை மேசைமேல், வானத்துக்கு நேராகச் சாய்த்து வைத்தாள்.

பதினாறு பற்களும் ஒன்றையொன்று விட்டு விலகி நின்றன. ஒன்றில் பாலின் நீலம் ஓடியது. ஒன்று பழைய தந்தம். ஒன்றின் அடியில் தேன் கசிந்ததுபோல ஒரு சாயல், நுனியில் கண்ணாடி. இன்னொன்று மழைக்கு முந்திய மேகத்தின் சாம்பல். வெள்ளை என்று ஒரே சொல்லில் இத்தனை நாளும் மூடிவைத்திருந்த ஒரு கும்பல், மூடியைத் திறந்ததும் தனித்தனி முகத்தோடு எட்டிப் பார்த்தது. எண்பத்தஞ்சு வாயைப் பிளந்தார்.

பிளந்த வாயை அவள் பார்த்தாள். தொழில் புத்தி.

"உங்க முன்பல்லுல ஒண்ணு கட்டினது. டியூப்லைட்டுல நெறம் பாத்திருக்காங்க."

அவர் சட்டென்று வாயை மூடினார். டேப்பக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

"சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு டீச்சர் வருவாங்க, முன்னால நாலு பல்லு. நெறம் ஒரு இழை தப்பினாலும் புள்ளைங்க கண்டுபிடிச்சிடும். சீக்கிரம் அளந்துட்டுப் போங்க" என்றாள் பல்லுக்காரம்மா.

*

இல்லாத இரண்டு மாடிகளை வைத்து எப்படி அளப்பது? அதற்கு எதிர்க் கட்டடக்காரர்களே வழி செய்திருந்தார்கள். இன்னும் அனுமதி வராத ஐந்தாவது, ஆறாவது மாடிகளுக்கும் சேர்த்து இப்போதே சாரம் கட்டி முடித்திருந்தார்கள். நம்பிக்கை என்றால் அப்படி ஒரு நம்பிக்கை. அந்தச் சாரத்தில் தார்ப்பாயை இழுத்து ஏற்றினால் ஆறு மாடி நிற்பதற்குச் சமம். ஆலோசகர் எதிர்ப்பக்க மேஸ்திரிக்கு போன் போட்டு, போனை எண்பத்தஞ்சின் கையில் கொடுத்தார்.

முதலில் இன்றைய நிலவரம். அறையின் நடுவில் முக்காலியை வைத்து, எண்பத்தஞ்சு மண்டியிட்டு, பலகையின் விளிம்புக்கு நேராகக் கண் வருமாறு கழுத்தைக் கோணி, கன்னத்தை டீக்கறைமேல் பதித்தார். கோட்டும் சூட்டுமாக ஒருவரும் பல்லைக் கழற்றிய ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓர் அரசு அதிகாரி இருக்கக் கூடிய கோலம் அல்ல அது.

"வானம் தெரியுதா சார்?"

"தெரியுது."

முக்காலியைப் பின்னால் நகர்த்தினார்கள். தெரிந்தது. இன்னும் பின்னால். வானம் ஜன்னலின் மேல் விளிம்புக்கும் எதிர்ச் சுவரின் உச்சிக்கும் நடுவில் ஒரு நாடாவாக மெலிந்து, நூலாகி, ஏழடியில் அறுந்தது. டேப்பக்கா தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு இழுத்தார்.

"இப்ப ஏத்தச் சொல்லுங்க" என்றார் ஆலோசகர்.

எண்பத்தஞ்சு போனில் சொன்னார். எதிர்ச் சாரத்தில் இருபது பேர் கயிற்றை இழுத்தார்கள். நீலத் தார்ப்பாய், திரைபோல, கீழிருந்து மேலாக எழுந்தது.

அறைக்குள் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை, தினமும் அதில் இருப்பவள்கூட. முதலில் பின்சுவர் போனது. அங்கே ஒரு நாட்காட்டி மாட்டியிருந்தது, அதன் எண்கள் கரைந்தன. பிறகு அலமாரி தன் கதவுகளை உள்ளே இழுத்துக்கொண்டது. இருட்டு விளக்கை அணைத்ததுபோல வரவில்லை. வாசலில் தண்ணீர் ஏறுவதுபோல, தரையோடு, மூலைகளிலிருந்து, சத்தமில்லாமல் நடந்து வந்தது. மேசையை அடைந்தது. பெட்டிக்குள் தனித்தனியாக நின்ற பதினாறு பற்களும் ஒவ்வொன்றாகக் கூட்டத்துக்குள் திரும்பிப்போய், கடைசியில் ஒரே வெள்ளையாக ஆயின. பல்லுக்காரம்மா கையை நீட்டிப் பெட்டியைத் தொட்டாள், எண்ணிப் பார்ப்பவளைப்போல.

மாமனார்கூடக் கிண்ணத்தைத் தேடவில்லை.

எண்பத்தஞ்சு மண்டியிட்டபடியே முக்காலியை முன்னால் தள்ளிக்கொண்டு போனார். ஆறடி. வானம் இல்லை. ஐந்தடி, அவளது மேசை. இல்லை. நாலேகால் அடியில், கட்டிலின் காலில் முக்காலி இடிக்கும்போது, ஒரு கீற்று தெரிந்தது.

"கோடு போடுங்க" என்றார்.

*

"சான்ஸே இல்ல சார்" என்றார் ஆலோசகர். கணினியைத் திறந்தார். "ஆறடி ஒண்ணரை அங்குலம். ப்ரோகிராம் பொய் சொல்லாது. ஜன்னலோட மேல் விளிம்பு தரையிலேர்ந்து ஏழடி. உங்க ஆபீஸ்ல அப்ரூவ் பண்ணின வரைபடத்துல இருக்கு, பாருங்க."

வரைபடத்தில் இருந்தது. நகரசபை முத்திரையோடு இருந்தது.

டேப்பக்கா ஜன்னல் பக்கம் போனார். தன் முனையைத் தரையில் வைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். "சார், உங்க முனையை மேல பிடிங்க."

அவர் பிடித்தார். ஐந்தே முக்கால் அடி.

"மறுபடி பாருங்க" என்றார் ஆலோசகர்.

மறுபடியும் ஐந்தே முக்கால்.

டேப்பக்கா ஜன்னலின் கீழ் விளிம்பையும் அளந்தார். எந்த வீட்டிலும் இடுப்புக்கு வர வேண்டிய அது, இங்கே முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. "என்ன சார் இது, இந்த ஜன்னல் உக்காந்திருக்கு!"

மாமனார் பல்லை மாட்டினார். "ஜன்னல் உக்காரல. தரை எழுந்திரிச்சுது. ரோடு போட வரும்போதெல்லாம் பழசைச் சுரண்டாம அதுமேலயே தாரைக் கொட்டிட்டுப் போவானுங்க. நாலு தடவை. ரோடு ஏற ஏற மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சு. நாங்களும் கல்லும் மண்ணும் கொட்டித் தரையை ஏத்தினோம். நாலு தடவை. நான் இந்த ஜன்னல்ல நின்னுக்கிட்டு வெளிய பாத்தவன். இப்ப படுத்துக்கிட்டுப் பாக்குறேன். சௌகரியமாத்தான் இருக்கு."

ஆலோசகர் கணினியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார். இரண்டில் எதை நம்புவது என்பது அவருக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது.

"அப்போ தம்பியோட எண்பத்தஞ்சு எங்கேர்ந்து ஆரம்பிக்குது?" என்றார் டேப்பக்கா. "பழைய தரையிலேர்ந்து. அது ஒண்ணேகால் அடி கீழ புதைஞ்சு கிடக்கு. அங்க பெருச்சாளிதான் குடித்தனம் பண்ணுது. அதுக்கு வெளிச்சம் போதும்னு நூத்து நாப்பது பக்கம் எழுதியிருக்கீங்க."

"பெருச்சாளி மனு குடுக்கலையே" என்றார் மாமனார்.

எண்பத்தஞ்சு சிரிக்கவில்லை. அவர் போனை எடுத்தார். "மேஸ்திரி, பாயை மெதுவா இறக்குங்க. ரொம்ப மெதுவா. நான் நிறுத்தச் சொல்ற எடத்துல நிறுத்துங்க."

முக்காலியைச் சரியாக ஆறடியில், அறையின் பாதியில், வைத்தார். கன்னத்தைப் பலகையில் பதித்தார். இப்போது சுவர்தான் தெரிந்தது, நீலத் தார்ப்பாய்ச் சுவர்.

"இறக்குங்க."

எழுபதடிக்கு அப்பால் இருபது பேர் கயிற்றை விட்டுக்கொடுத்தார்கள். ஆறாவது மாடி இறங்கியது. அவருக்கு எதுவும் தெரியவில்லை. "இன்னும்." ஐந்தாவது மாடியில் கால்வாசி இறங்கியது. "இன்னும்." முழங்கால் மரத்தது. "இன்னும் கொஞ்சம்... இன்னும்..."

அப்போது தார்ப்பாயின் மேல்விளிம்பு ஜன்னலின் விளிம்பைவிட்டுப் பிரிந்தது. நூல் அளவு. அந்த நூல் இடைவெளியில் வானம் பிறந்தது.

"நிறுத்துங்க!"

அவர் அப்படியே இருந்தார். மூச்சு விட்டால் அறுந்துவிடும் என்பதுபோல. இத்தனை கல்லும் கம்பியும் சிமெண்டும், கோட்டுப் போட்டவர்களும், வெள்ளிக்கிழமைக் கூட்டமும் சேர்ந்து எழுப்பிக்கொண்டிருந்த ஒரு மலை, டீக்கறைமேல் வைத்த ஒரு கண்ணுக்கு எதிரே வந்து, மரியாதையாக நின்றுவிட்டது. யாரோ, எப்போதோ, முகம் தெரியாத ஒருவர், மேசையில் குனிந்து வேலை செய்பவளுக்கும் ஒரு துண்டு வானம் பாக்கி இருக்க வேண்டும் என்று நினைத்து, நாற்பத்தோராம் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் நினைத்த துண்டு இதுதான். இத்தனை கனமான ஒன்றை இவர் வெறும் எண்ணாக இருபத்தாறு வருடம் கோப்பில் கட்டி வைத்திருந்தார்.

நாலாவது மாடிக்கு மேலே ஐந்தடிக்கும் கொஞ்சம் கூட இருந்தது. மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டலாம். அதற்கு மேல் ஒரு செங்கல் ஏறாது. மேஸ்திரியின் ஆள் ஒருவன் அந்த உயரத்தில் சாரக் கம்பில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினான்.

*

ஆலோசகர் தொண்டையைச் செருமினார். குரலில் இப்போது அனுபவமும் இல்லை, வல்லமையும் இல்லை. வெறும் நடைமுறை மட்டும் இருந்தது.

"சார், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். கோப்புல நீங்களே 'நேரில் பார்வையிட்டேன், அறிக்கை சரி'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இன்னிக்கு மாத்தி எழுதினா, அன்னிக்கு எழுதினது என்னன்னு கேப்பாங்க. ரிடையராக எத்தனை மாசம் இருக்கு?"

"பதினாலு."

"பாத்துக்கங்க. இந்தம்மாவுக்கு நல்ல விளக்கு ஒண்ணு நாங்களே வாங்கிக் குடுத்துடறோம். பகல் வெளிச்சம் மாதிரியே இருக்கும்."

"மாதிரியே" என்றாள் பல்லுக்காரம்மா. அவள் எண்பத்தஞ்சைப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பெட்டிக்குள் திரும்பி வந்திருந்த நிறங்களைப் பார்த்தபடி நின்றாள். பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. அந்த வெளுப்பு பெட்டியில் உள்ள எந்த வெள்ளையிலும் சேரவில்லை.

எண்பத்தஞ்சு கோப்பைப் பிரித்தார். எழுத இடம் தேடினார். மேசையில் ஈறுகள், கட்டிலில் மாமனார். கடைசியில் முக்காலியின் பலகைமேலேயே வைத்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதினார். எழுத நேரம் பிடித்தது. அரசாங்கத் தமிழில் இதற்கு வார்த்தை இல்லை. 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று தொடங்கி அடித்தார். 'பரிசீலனையின்போது கவனத்துக்கு வந்தவாறு' என்று எழுதி அதையும் அடித்தார்.

"என்னதான் சார் எழுதுறீங்க, நாலு மணிக்கு டீச்சர் வந்துடுவாங்க" என்றார் டேப்பக்கா.

அவர் எழுதி முடித்து, கோப்பை அக்காவிடம் நீட்டினார், சாட்சிக் கையெழுத்துக்கு. அக்கா உரக்கப் படித்தார். எதையும் உரக்கப் படிப்பது அவர் பழக்கம்.

"'முன்பு இந்த அறையை நேரில் பார்த்ததாக எழுதியிருந்தேன். பார்க்கவில்லை. இன்று பார்த்தேன். நான்கு மாடியும் கைப்பிடிச் சுவரும்வரை கட்டலாம். ஐந்தாவது மாடி கூடாது. அறிக்கையில் தரை தவறு. என் முந்தைய குறிப்பும் தவறு.'"

படித்துவிட்டு அவரைப் பார்த்தார். "இப்படி எழுதினா மேல இருக்கிறவங்களுக்குப் புரிஞ்சிடுமே சார்."

"புரியட்டும்."

அக்கா கையெழுத்துப் போட்டார். தன் பெயருக்குக் கீழே, யாரும் கேட்காமலே, 'தரையிலிருந்து அளந்தது நான்' என்று எழுதினார்.

பல்லுக்காரம்மா மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தாள். நன்றி சொல்வாள் என்று எண்பத்தஞ்சு நினைத்திருக்கலாம். அவள் பூதக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தூரிகை நுனியில் கடுகளவு பூச்சு எடுத்து ஒரு பல்லின் மேல் வைத்தாள். வானத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். துடைத்தாள். மறுபடி வைத்தாள். அவள் வேலை செய்கிறாள் என்பதே அறைக்குள் எல்லோருக்கும் பதிலாக இருந்தது. மாமனார் ஜன்னல் பக்கம் புரண்டு படுத்தார்.

"வெள்ளிக்கிழமை நான் என்ன சார் சொல்றது?" என்றார் ஆலோசகர்.

"வந்து பாக்கச் சொல்லுங்க."

ஆலோசகர் கணினியை மூடினார். வாசல்வரை போனார். எதையோ விட்டுவிட்டவர்போலத் திரும்பி வந்தார். அறையின் பாதியில், ஆறடியில், முக்காலியும், எதிரே நிறுத்திய உயரத்திலேயே தார்ப்பாயும் இன்னும் நின்றுகொண்டிருந்தன. அவர் அக்கம்பக்கம் பார்த்தார். கோட்டைக் கழற்றி அலமாரிக் கதவில் மாட்டினார். கழுத்துப்பட்டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு மண்டியிட்டார்.

"எங்க சார்? சுவர்தானே தெரியுது."

"கன்னத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்துங்க." எண்பத்தஞ்சு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவர் தலையை மெதுவாகச் சாய்த்துவிட்டார். "கீழ... இன்னும் ஒரு விரல்... அசையாதீங்க."

டேப்பக்கா நாடாவைச் சுருட்டாமல் காத்துக்கொண்டிருந்தார். மேசையில் தூரிகை நின்றிருந்தது.

"ஐயோ" என்றார் ஆலோசகர், மிகவும் மெல்லிய குரலில்.